ஃபிக்மாவுக்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் கடை

நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை வெப் டிசைன் வகுப்பு நடத்தும் சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் பி.காம் படித்துக்கொண்டே மாலையில் வெப் டிசைனும் யூஎக்ஸும் (திரையைப் பயன்படுத்துகிறவரின் அனுபவத்தைப் பார்த்து வடிவமைப்பது) படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவி. கன்னியாகுமரி மாவட்டம், கருங்கல் பக்கம் ஊர். எந்த சென்டரில் படிக்கிறேன் என்று இங்கே எழுதவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் கொடுக்கிற நோட்டீஸ்களை வாங்கி வைத்துப் பார்த்தால் பாடம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், பூட்ஸ்ட்ராப், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், போட்டோஷாப், வேர்ட்பிரஸ், கடைசியில் திரைகளை வரைந்து பார்க்கிற ஃபிக்மா. முடிக்கும்போது ஒரு பிராஜெக்ட். சாப்பாடு டெலிவரி ஆப், இல்லையென்றால் ஷூ விற்கிற கடை, அதுவும் இல்லையென்றால் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஒன்று.

நீங்கள் சொல்லித் தருவது மோசம் என்று சொல்ல வரவில்லை. பக்கத்தில் பெட்டிகளை வரிசைப்படுத்துகிற ஃபிளெக்ஸ்பாக்ஸ் புரியாமல் முழித்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பொறுமையாக மறுபடியும் மறுபடியும் போட்டுக் காட்டியவர்கள் நீங்கள். என் குறை ஒன்றுதான். யூஎக்ஸ் என்று நோட்டீஸில் பெரிதாகப் போடுகிறீர்கள். ஆனால் பாடம் தொடங்கி சர்டிபிகேட் வாங்குகிற வரைக்கும், நாங்கள் செய்கிற திரையைப் பயன்படுத்தப் போகிற ஒரு ஆளைக்கூட எங்கள் கண்ணில் காட்டுவதில்லை. வகுப்பில் பெர்சோனா, அதாவது கற்பனையாக ஒரு பயனரைப் பற்றிய குறிப்பு, எழுதச் சொல்கிறீர்கள். நாங்களும் எழுதுகிறோம்: வயது 28, பெங்களூரில் ஐடி வேலை, காபி பிடிக்கும், நேரம் இல்லை. அந்த ஆளை எங்களில் யாரும் பார்த்ததில்லை. சொல்லப்போனால் எல்லாருடைய நோட்டிலும் அவர் ஒரே ஆள்தான்.

அதனால் கேட்கிறேன். ஃபிக்மாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வாரம் எங்களை ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார வையுங்கள்.

எந்தக் கடை என்று உங்களுக்கே தெரியும். எல்லா ஜங்ஷனிலும் ஒன்று இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வாசலில் 'ஆன்லைன் விண்ணப்பங்கள் செய்து தரப்படும்' என்று ஒரு போர்டு. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடையில் இருக்கிற அக்காவிடம் கேட்டுக்கொண்டு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வகுப்பில் ஒரு மாதத்தில் வராத விஷயம் அங்கே ஒரு மத்தியானத்தில் வருகிறது.

ஒரு அம்மா உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வந்தார். 1962-ல் பிறந்தவர். பிறந்த தேதி கேட்கிற இடத்தில் ஒரு காலண்டர் விரிந்தது, அதில் இந்த மாதம். பின்னால் போக ஒரு சின்ன அம்புக்குறி. அதை மாதம் மாதமாக அமுக்கிக்கொண்டு போனால் 1962-க்குப் போய்ச் சேர 700 தடவைக்கு மேல் அமுக்க வேண்டும். அக்கா அதைத் தொடவே இல்லை. மேலே மாதத்தின் பெயர் இருந்த இடத்தில் தட்டினார், வருடங்களின் பட்டியல் வந்தது. அங்கே தட்டலாம் என்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் கிடையாது. "இது எப்படிக்கா தெரியும்?" என்றேன். "ஒரு நாளு கை தெரியாம பட்டுச்சு மக்களே, அப்பதான் தெரிஞ்சுது" என்றார்.

பிரிட்டன் அரசின் இணையதளத்துக்காக எழுதி வைத்திருக்கிற வடிவமைப்புக் கையேட்டில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. பிறந்த தேதி மாதிரி மனப்பாடமாகத் தெரிந்த தேதிக்குக் காலண்டர் காட்டாதே. நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டி வை, ஆள் தானே டைப் செய்துகொள்வார். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். எங்கள் வகுப்பில் டேட் பிக்கர் என்கிற அந்தக் காலண்டரை எப்படிப் போடுவது என்று சொல்லித் தந்தீர்கள், நன்றாக ஓடுகிற கோடும் தந்தீர்கள். எங்கே போடக் கூடாது என்கிற பேச்சு மட்டும் வரவில்லை.

அப்புறம் பெயர். முதல் பெயர் ஒரு பெட்டி, கடைசிப் பெயர் ஒரு பெட்டி, இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். நம்மில் எத்தனை பேருக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று இருக்கிறது? நமக்கு இருப்பது இனிஷியல். ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், ஒருவர் இனிஷியலை மட்டும் போடுகிறார், ஒருவர் தன் பெயரையே இரண்டாக உடைத்துப் போடுகிறார். அக்கா சொன்னது: "அப்பா பேரப் போட்டா ஆதார்ல வேற மாதிரி இருக்குன்னு திருப்பி அனுப்பிருவாவ. இதுல ஒரு புள்ளி வச்சா ஏத்துக்கிடும். அடுத்த சைட்டுல புள்ளி வச்சா ஏத்துக்கிடாது, அங்க பேர ரெண்டு தடவ போடணும்." வெப்பின் தர விதிகளை வகுக்கிற டபிள்யூ3சி, உலகத்தில் பெயர்கள் எத்தனை விதமாக இருக்கின்றன என்று ஒரு கட்டுரையே வெளியிட்டிருக்கிறது. அவர்கள் சொல்வதன் சாரம், உனக்குப் பிரித்துத் தெரிந்தே ஆக வேண்டும் என்று இல்லாவிட்டால் முழுப் பெயருக்கு ஒரே பெட்டி வை என்பதுதான். நம் வகுப்பில் செய்கிற எல்லா ஃபார்மிலும் இரண்டு பெட்டி இருக்கிறது. பூட்ஸ்ட்ராப்போடு வருகிற ஆயத்த மாதிரி ஃபார்மில் அப்படித்தான் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு பக்கம். போட்டோ எத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், எந்த பட்டனை ஒரு தடவை அமுக்கினால் வேலை செய்யாது, எந்த நேரத்தில் சைட் மெதுவாகும், எந்தப் பக்கத்தில் பின்னால் போனால் எல்லாம் அழிந்துபோகும். மானிட்டருக்குக் கீழே செலோடேப் போட்டு ஒரு துண்டுத் தாள்: 'பாஸ்புக் கையில் இருக்கா? கேட்டுட்டு லாகின்'. ஏனென்றால் பாஸ்புக்கை எடுக்க ஆள் வீட்டுக்குப் போய் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி சைட் வெளியே தள்ளிவிடும். மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லாராலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான வெப் அணுகல் விதிகளில் 2008-லிருந்தே இதற்கு ஒரு விதி இருக்கிறது. நேரக் கெடுவை நிறுத்தவோ கூட்டவோ வழி தராவிட்டால், அது முடிவதற்கு முன்னால் எச்சரிக்க வேண்டும், ஒரு எளிய செயலால் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடியாவது கொடுக்க வேண்டும். ஏலம் மாதிரி நேரக் கெடுவை மாற்றவே முடியாத இடங்களுக்கு விலக்கு உண்டு, சரி. ஆனால் விதி இருக்கிறது என்பதே எங்களுக்கு யாரும் சொல்லாதது.

அந்த டைரியைக் கம்பெனிகள் யூசர் ரிசர்ச் என்கின்றன. அதற்கென்று ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்துச் செய்கிற வேலை. இங்கே ஒரு அக்கா ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே இடையில் செய்து வைத்திருக்கிறார்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். கடையில் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கையில் பேப்பர் வைத்துப் படித்துக்கொண்டு நின்றவர்கள். ஒருவர் ரிட்டயர்டு வாத்தியார். படிக்கத் தெரியாமல் யாரும் அங்கே வரவில்லை. பணம் கொடுத்து இன்னொருவரை ஃபார்ம் நிரப்பச் சொல்கிறார்கள் என்றால் கோளாறு ஆளிடத்தில் இல்லை, ஃபார்மிடத்தில் இருக்கிறது. "நமக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று அந்த வாத்தியாரே சொல்கிறார், கேட்கச் சங்கடமாக இருக்கிறது. இப்படி நம் ஆட்களைக் கூச வைக்கிற ஃபார்ம்களைத்தான் நாளைக்கு நாங்களும் செய்யப் போகிறோம், யாரும் தடுக்காவிட்டால்.

இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. பெங்களூரில் உட்கார்ந்து பெர்சோனா எழுதுகிறவருக்கு அவை தோன்றவே தோன்றாது. ஓடிபியை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்தூர் பக்கத்தில் ஆழ்கடலுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் கரைக்கு வர வாரக்கணக்காகும். வீட்டில் பதிவு செய்திருக்கிற நம்பர் பல நேரம் வீட்டுக்காரருடையது. இங்கே மனைவி கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் போட, ஓடிபி டவர் இல்லாத கடலில் இருக்கிற போனுக்குப் போகும், சில நிமிஷத்தில் காலாவதியும் ஆகிவிடும். கல்ஃபில் இருக்கிற மகன் நம்பரைக் கொடுத்த வீட்டிலும் இதே கதைதான், அங்கே அவன் டியூட்டியில் இருப்பான்.

விரல் ரேகை இன்னொன்று. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு உடைக்கிற ஆலையில், வேலை பார்க்கிற பெண்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். தோட்டிலிருந்து வருகிற எண்ணெய் தோலை அரித்துவிடும், ரேகை தேய்ந்துபோகும். என் பெரியம்மா அந்த வேலைதான் பார்க்கிறார். போனில் விரல் வைத்துத் திறக்கிற வசதியை யாரோ செட் செய்து கொடுத்தார்கள், அது அவரை ஒரு நாளும் அடையாளம் கண்டுகொண்டதில்லை. கருவிழி, முகம், நம்பர் என்று வேறு வழிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அந்த வேறு வழியைத் திரையில் எங்கே வைக்கிறோம்? விரல் தோற்றுப்போன பிறகு, மூன்று முறை சிவப்பில் திட்டிவிட்டு, அடியில் சின்ன எழுத்தில். இதை வகுப்பில் ஒரு பயிற்சியாகக் கொடுத்துப் பாருங்கள். ரேகை இல்லாதவருக்கு ஒரு லாகின் திரை. டெலிவரி ஆப்பைவிட எவ்வளவு யோசிக்க வைக்கிறது என்று தெரியும்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் விரல் தடித்திருக்கும். திரையில் தொடுகிற இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாகச் சுற்றிலும் இடைவெளி விட வேண்டும் என்று 2023 அக்டோபரில் வந்த அணுகல் விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். அதுவே குறைந்தபட்சம்தான், 44 இருந்தால் நல்லது. எங்கள் பிராஜெக்டுகளில் மூடுகிற எக்ஸ் குறி அழகாக, மெலிதாக, கடுகு போல மூலையில் இருக்கிறது.

நிறமும் அப்படியே. சாம்பல் எழுத்து இப்போது ஃபேஷன். வெள்ளைப் பின்னணியில் #999999 என்கிற சாம்பல் நிறம் போட்டால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் 2.85-க்கு 1 தான் வரும், சாதாரண எழுத்துக்கு வேண்டியது 4.5-க்கு 1. #767676 வரை கறுப்பாக்கினால் மட்டுமே தேறும். ஏசி போட்ட லேபில் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. சின்னமுட்டம் துறைமுகத்தில் பகல் 11 மணிக்கு அந்தத் திரையைப் பிடித்துப் பாருங்கள், தெரிவது உங்கள் முகம்தான்.

துறைமுகம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அந்த நாட்களை நம் கடற்கரை மறக்காது. அதற்குப் பிறகு 2019-ல் ஜெமினி என்று ஒரு கருவி கொண்டுவந்தார்கள். செயற்கைக்கோளிலிருந்து செய்தியை வாங்கி ப்ளூடூத் வழியாகப் போனுக்குத் தரும், போனில் ஒரு ஆப் அதைக் காட்டும். செய்தி அனுப்புவது விஞ்ஞானிகள் வேலை. அது வந்து நிற்கிற அந்தத் திரை இருக்கிறதே, அது எங்கள் வேலை. படகு ஆடுகிற ஆட்டத்தில், கையெல்லாம் உப்பும் ஈரமுமாக, ராத்திரியில், பயத்தோடு ஒருவர் அதைப் பார்ப்பார். எந்தச் சொல் முதலில் இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஒலி வேண்டுமா, எந்தப் பக்கம் போகக் கூடாது என்று படமாகக் காட்டலாமா? குளச்சலில் போய்க் கேட்டால் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லுகிற அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போக ஒரு மினி பஸ் போதும்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் தமிழில் ஒரு பக்கம்கூட நாங்கள் செய்யவில்லை. மாதிரிக்கு லாரம் இப்சம் என்கிற அர்த்தமில்லாத லத்தீன் பத்தியை ஒட்டுகிறோம். அந்த லத்தீன் எழுத்துக்கு அளந்து வைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால், கீழ் வரியில் 'கி', 'கீ' மேலே வளைகிற சுழி மேல் வரியில் 'ழு' இறங்குகிற இடத்தில் போய் முட்டும். ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் நம் சொற்கள் அடங்காமல் இரண்டாம் வரிக்கு ஓடும், போனில் ஓரம் தாண்டிப் போய்விடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை நம்பிப் போட்ட தலைப்புகள் தமிழில் தலைப்பாகவே தெரியாது. இவ்வளவும் வரி இடைவெளியைக் கூட்டி, தலைப்பைப் பெரிதாகத் தடித்த எழுத்தில் போட்டு, சொல்லை உடைக்கிற ஒரு சிஎஸ்எஸ் வரியைச் சேர்த்தால் தீருகிற விஷயங்கள். நல்ல யூனிகோடு எழுத்துருக்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், ஹிந்த் மதுரை, மீரா இனிமை என்று ஒரு பீரியட் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் ஊரில் இன்னொரு பழக்கம், கோயில் நோட்டீஸும் பள்ளி அறிவிப்பும் டிடிபி கடையில் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து, ஜேபெக் படமாக ஆக்கி, அப்படியே சைட்டில் ஒட்டுவது. பார்வையில்லாத ஒருவர், திரையை வாசித்துக் காட்டுகிற டாக்பேக் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தால் அவருக்குப் பெரும்பாலும் கேட்பது 'படம்' என்பது மட்டும். எழுத்தாகவே போட்டு, பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் ஒரு சொல் குறித்துவிட்டால் தமிழ்க் குரலில் வாசிக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி 2009-ல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. வேலைக்குப் போகிற இடத்தில் இதைக் கேட்பார்கள் என்பதற்காகவாவது சொல்லித் தரலாம் அல்லவா?

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பும் எனக்குத் தெரியும், வகுப்பில் ஒரு சார் சொல்லியும் விட்டார். "மோளே, திருவனந்தபுரம் டெக்னோபார்க்குல இன்டர்வியூக்குப் போனா போர்ட்ஃபோலியோவும் ஃபிக்மாவும்தான் கேப்பான், ஜெராக்ஸ் கடையக் கேக்க மாட்டான்." நியாயமான பேச்சு. மாதம் மாதம் பீஸ் கட்டுகிற அப்பா அம்மாவுக்கு நீங்கள் வேலையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் என்று எல்லா ஊரிலிருந்தும் அதே டெலிவரி ஆப் அவர்கள் மேசைக்குப் போகிறது. இப்போது ஒரு வரி டைப் செய்தால் ஏஐ அந்தத் திரையை ஒரு நிமிஷத்தில் வரைந்தும் தந்துவிடுகிறது. 1962-ல் பிறந்த அம்மா காலண்டரில் எங்கே மாட்டிக்கொண்டார் என்பதை அதற்கு யாராவது பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் உண்டு. அப்படிப் பார்த்ததை, மாற்றியதை, மாற்றிய பிறகு என்ன ஆனது என்பதை எழுதிக் காட்டுகிற பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். 1993-ல் ஆப்பிளில் சேர்ந்து இந்தத் துறைக்கு இந்தப் பெயரைப் பரப்பிய டான் நார்மன், படம் வரைகிறவர் இல்லை. மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்த பேராசிரியர்.

செலவும் பெரிதில்லை. சோதனை என்றால் நூறு பேர் வேண்டும் என்று நினைத்து யாரும் தொடங்குவதில்லை. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று இந்தத் துறை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். அந்தக் கணக்கில் கருத்து வேறுபாடு உண்டு, எல்லாருக்கும் சம்மதம் இல்லை. அவரே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், பயனர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கூட்டமாக இருந்தால் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் தனித்தனியாகச் சிலரை எடுக்க வேண்டும் என்று. நமக்கு அது வசதி. கடலோரத்தில் சிலர், பேச்சிப்பாறை மேலே ரப்பர் தோட்டத்தில் சிலர், தோவாளைப் பூச்சந்தையில் சிலர். எல்லாம் ஒரு நாள் பஸ் டிக்கெட்டில் முடிகிற தூரம். மேலே போகும்போது சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அதுவும் பாடம்தான். 4 எம்பி பேனர் படம் வைத்த தன் பக்கம் அங்கே திறக்கிறதா என்று பிள்ளைகள் நின்று பார்க்கட்டும்.

நான் கேட்பது புதுப் பாடத்திட்டம் அல்ல. போட்டோஷாப்புக்கு ஒதுக்கியிருக்கிற வாரங்களில் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதும். கடைசி பிராஜெக்டில் டெலிவரி ஆப்பை எடுத்துவிட்டு, இந்த மாவட்டத்தில் யாரோ ஒருவர் நிஜமாகத் திணறுகிற ஒரு திரையைக் கொடுங்கள். மார்க் போடும்போது திரை அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, யாரிடம் காட்டினாய், அவர் எங்கே நின்றார் என்றும் கேளுங்கள். உங்களில் சிலர் இதை ஏற்கெனவே செய்துகொண்டும் இருக்கலாம். அப்படியானால் நோட்டீஸில் போடுங்கள், நான் என் தம்பியை அங்கே சேர்க்கிறேன்.

அக்காவிடம் பேசிவிட்டேன். வகுப்புக்கு வந்து டைரியை வைத்துப் பேசுவீர்களா என்று கேட்டதற்கு முதலில் சிரித்தார். "நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்றார். பிறகு சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அன்றைக்கு வருவார். வருகிறவருக்கு மற்ற கெஸ்ட் லெக்சரருக்குக் கொடுக்கிறதைக் கொடுத்துவிடுங்கள், சால்வையோடு அனுப்பிவிட வேண்டாம். பிள்ளைகள் கடைக்கு வந்து பார்ப்பதானால் இரண்டு மணிக்கு மேல் வரலாம், கூட்டம் குறைவாக இருக்கும். இரண்டு இரண்டு பேராக வர வேண்டும், வருகிறவர்களின் ஆதாரையோ பாஸ்புக்கையோ எட்டிப் பார்க்கக் கூடாது, போட்டோ எடுக்கவே கூடாது. இது அவர் போட்ட நிபந்தனை.

இப்படிக்கு,
உங்கள் மாலை பேட்ச் மாணவிகளில் ஒருத்தி
கருங்கல்